பசியறியாக் கோமாளி

கலை வரலாற்றிலே கோமாளிக்குத் தனியிடம் உண்டு. அரசரையும் வீரரையும் செல்வரையும் தலைமைப் பாத்திரங்களாகக் கொண்ட நாடகங்களிலே, சாதாரண மக்களின் குரல் நுழைவதற்கு இருந்த சிறு வாயில் பெரும்பாலும் அவனே. நமது நாட்டுக்கூத்திலே கோமாளி வேடந் தரித்தவன் அரசசபையின் மிடுக்கைக் கேலிசெய்யலாம், சபையோர் சிரிப்பர், அரசனும் பொறுத்துக்கொள்வான். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாட்டைப் பங்கிட்டு ஏமாந்தபோது, உண்மையை நேரே எடுத்துரைத்த கென்ற் பிரபு நாடுகடத்தப்படுகிறான். அதே உண்மையை அரசவைக் கோமாளி பாட்டாகவும் விடுகதையாகவும் சொல்லித் தப்பிக்கொள்கிறான்.

கோமாளியின் இவ்வுரிமை எங்கிருந்து பிறந்தது என்று நோக்குமிடத்து, அவனுடைய பசியே அதன் ஊற்று என்பது புலனாகும். காளிதாசனின் சாகுந்தலத்திலே விதூஷகனான மாதவ்யன், காட்டிலே வேளைக்கு நல்லுணவு கிடைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டே அரங்கிலே தோன்றுகிறான். இத்தாலிய வீதி நாடகங்களில் வரும் ஆர்லெக்கினோ எப்பொழுதும் வயிறு காய்ந்த வேலைக்காரன். சார்லி சப்ளினின் நாடோடி, 1925 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோல்ட் ரஷ்' படத்திலே தன் சப்பாத்தை அவித்து உண்கிறான். 1936 ஆம் ஆண்டின் 'மொடேர்ண் டைம்ஸ்' படத்திலே, தொழிலாளரின் மதிய இடைவேளையை மிச்சம் பிடிப்பதற்காக ஆலை முதலாளி ஓர் ஊட்டும் இயந்திரத்தைப் பரீட்சித்துப் பார்க்கிறான். அதன் பிடியிற் சிக்கிய தொழிலாளியின் அவஸ்தையைக் கண்டு உலகம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே கோபமும் இருந்தது. பசித்தவன், பசியறியாதவரின் உலகத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பே கோமாளிக் கலையின் உயிர்நிலை எனலாம்.

இந்த நெடிய மரபிலே, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், முற்றிலும் புதிய கோமாளி ஒருவன் தோன்றினான். செந்நிறத் தலைமயிர், வெள்ளை பூசிய முகம், மஞ்சள் உடை, பெருஞ் சப்பாத்து. மக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்கத் துரித உணவு நிறுவனத்தின் விளம்பரப் பாத்திரமான றொனால்ட் மக்டொனால்ட் என்பவனே அவன். கோமாளியின் புறத்தோற்றம் அனைத்தும் அவனிடம் உண்டு. இல்லாதது ஒன்றே: அவனுக்குப் பசி இல்லை. அவன் உணவின் பக்கத்திலே, உணவை விற்பவனின் பக்கத்திலே நிற்கிறான்.

இலக்கியச் சஞ்சிகையொன்றிலே சாப்பாட்டுக் கடையின் விளம்பரத்தை ஆராய்வது பொருத்தமா எனச் சிலர் வினவக்கூடும். எரிக் ஷ்லோசர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபாஸ்ட் ஃபூட் நேஷன்' என்ற நூலிலே ஒரு கணிப்பை எடுத்துக்காட்டுகிறார்: அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகளில் 96 வீதத்தினர் றொனால்டை அடையாளங் கண்டனர்; கற்பனைப் பாத்திரங்களுள் அவனை விஞ்சியது நத்தார்ப் பாப்பா மட்டுமே. எந்த நாவலாசிரியனும் எந்த நாடகாசிரியனும் பெறாத வாசகர் கூட்டம் இது. ஒரு தலைமுறையின் மனத்திலே குடியேறிவிட்ட பாத்திரத்தை, அது கடைத்தெருவிலே பிறந்தது என்பதற்காக விமர்சகன் ஒதுக்கிவிட முடியாது. அதன் படைப்பு முறையையும், அப்படைப்புக்குப் பின்னால் உள்ள நலன்களையும் ஆராய்வது அவன் கடமை.

*

றொனால்டுக்கு முன்னர் இந்நிறுவனத்துக்கு வேறொரு விளம்பரப் பாத்திரம் இருந்தது. அதன் கதையை அறியாமல் கோமாளியின் வருகையை விளங்கிக்கொள்ள முடியாது.

கலிபோர்னியாவின் சான் பெர்னாடினோ நகரிலே ரிச்சர்ட், மோரிஸ் என்ற மக்டொனால்ட் சகோதரர் இருவர் 1940 ஆம் ஆண்டில் ஓர் உணவகத்தைத் திறந்தனர். மோட்டார் வண்டிகளில் வருவோருக்குப் பரிசாரகப் பெண்கள் வண்டியடியிற் சென்று உணவு பரிமாறுவது அக்கால வழக்கம். 1948 ஆம் ஆண்டில் சகோதரர் கடையைச் சில மாதங்கள் மூடி, அதன் அமைப்பை அடியோடு மாற்றினர். பரிசாரகப் பெண்கள் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். உணவுப் பட்டியல் ஒன்பது வகைகளாகச் சுருங்கியது. பீங்கானும் கத்தியும் முள்ளும் மறைந்தன. ஒருவர் இறைச்சியை வாட்ட, இன்னொருவர் பாணிலே வைக்க, மற்றொருவர் கடதாசியிற் சுற்ற, சமையலறை ஓர் ஆலையாயிற்று. பின்னர் புதிய கட்டடமொன்றைத் திட்டமிட்டபோது, டென்னிஸ் மைதானத்திலே சுண்ணக்கட்டியால் சமையலறையின் வடிவத்தை வரைந்து, வேலையாட்களை அதனுள்ளே நடமாடச் செய்து, ஓரடியேனும் வீணாகாதபடி இயந்திரங்களின் இடத்தைத் தீர்மானித்தனர். ஹம்பேர்கரின் விலை 15 சதம். சமைக்கத் தெரிந்தவரின் இடத்தை, ஓர் அசைவை மட்டும் கற்றுக்கொண்டவர் நிரப்பினார். சப்ளின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திரையிலே காட்டிய பொறி அடுக்களைக்குள் வந்து சேர்ந்தது.

இம்முறைக்குச் சகோதரர் இட்ட பெயர் 'ஸ்பீடி சேவை முறை'. அதன் சின்னமாக, ஹம்பேர்கரைத் தலையாகக் கொண்டு விரைந்து நடக்கும் ஒரு சிறு சமையற்காரனின் உருவம் வரையப்பட்டது. ஸ்பீடி என்பது அவன் பெயர். கலையழகு என்று கூற அதில் அதிகமில்லை. எனினும் ஒரு வகையில் அது நேர்மையான சின்னம். இக்கடையில் விற்கப்படுவது வேகம், அவ்வேகம் ஒரு தொழிலாளியின் கால்களில் இருந்து வருகிறது என்ற உண்மையை அது தன்னையறியாமலே ஒப்புக்கொண்டது.

1961 ஆம் ஆண்டில் றே க்றொக் என்னும் வணிகர் 27 இலட்சம் டொலருக்குச் சகோதரரிடமிருந்து நிறுவனத்தை முழுமையாக வாங்கினார். அதையடுத்து ஸ்பீடி மறைந்தான். நெஞ்செரிவுக்கு மருந்தான அல்கா செல்ட்ஸரின் விளம்பரப் பாத்திரத்துக்கும் ஸ்பீடி என்றே பெயர். உணவுக்கும் நெஞ்செரிவு மருந்துக்கும் ஒரே பெயர் இருப்பது வியாபாரத்துக்கு உகந்ததன்று என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். காரணம் எதுவாயினும் விளைவு குறிப்பிடத்தக்கது. உழைப்பின் உருவம் கடையின் முகப்பிலிருந்து இறங்கியது. அவ்விடத்திலே சில காலத்தின் பின் ஏறியவன் எவ்வேலையுஞ் செய்யாத ஒரு கோமாளி.

*

றொனால்ட் பிறந்த இடம் வாஷிங்டன் நகரம், ஆண்டு 1963. அங்கு மக்டொனால்ட்ஸ் கிளைகளை நடத்தியோர், 'போசோ' என்ற கோமாளி தோன்றும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரம் அளித்து வந்தனர். போசோவாக நடித்தவர் வில்லார்ட் ஸ்கொட். அந்நிகழ்ச்சி நின்றபோது, பிள்ளைகளை ஈர்க்கும் சக்தியை இழக்க விரும்பாத வியாபாரிகள், அதே நடிகரைக் கொண்டு தமக்கெனச் சொந்தமாக ஒரு கோமாளியைச் செய்துகொண்டனர். முதல் விளம்பரங்களிலே அவனது மூக்கு கடையின் கடதாசிக் கோப்பை; தொப்பி உணவுத் தட்டு. இடையிலே கட்டியிருந்த மாயத் தட்டிலிருந்து ஹம்பேர்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடையின் சரக்கே உடலாகிவிட்ட மனிதன் அவன்.

உலகிலேயே மிக அதிகமாக ஹம்பேர்கர் உண்ணும் கோமாளி என்று அவன் தன்னை அறிமுகஞ் செய்துகொண்டான். உண்பதும் பசித்திருப்பதும் ஒன்றல்ல. ஆர்லெக்கினோ ஒரு துண்டு ரொட்டிக்காக எசமானை ஏமாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சூழ்ச்சியிலிருந்தே நாடகம் பிறந்தது. மாயத் தட்டைக் கட்டியவனுக்கு எசமானும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஆகவே நாடகமும் இல்லை. எஞ்சுவது விற்பனை மட்டுமே.

ஆரம்ப கால விளம்பரம் ஒன்று தனியே கவனிக்கத்தக்கது. அந்நியரோடு பேசக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார் என ஒரு சிறுவன் தயங்குகிறான். அம்மா சொன்னது சரியே எனக் கோமாளி ஒப்புக்கொள்கிறான். ஆனால், தான் றொனால்ட் மக்டொனால்ட் அல்லவா என்கிறான். தயக்கம் நீங்குகிறது. பிள்ளையின் பாதுகாப்புக்காகத் தாய் வகுத்த விதிக்கு மரியாதை செலுத்துவதுபோற் செலுத்தி, அவ்விதிக்குள்ளே தனக்கு மட்டும் ஒரு விலக்கைப் பெற்றுக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம், பின்னர் அரை நூற்றாண்டு காலம் இப்பாத்திரம் செய்த வேலையின் சுருக்கம் எனலாம். கோமாளியின் பழைய வேலை அதிகாரத்தின் குறையை வெளிப்படுத்துவது. இவன் மீறும் அதிகாரம் தாயின் அதிகாரம் ஒன்றே.

நிறுவனம் அறுபதுகளின் நடுப்பகுதியிலே இப்பாத்திரத்தை நாடு முழுவதற்கும் உரியதாக்க முனைந்தபோது ஸ்கொட்டுக்கு வேலை போயிற்று. உடல் பருமன் கூடியவர் என்பதே தாம் நீக்கப்பட்டதற்குக் காரணம் என அவர் பின்னர் கூறினார். ஹம்பேர்கர் விற்பதற்கு மெலிந்த உடல் தேவைப்பட்டது! இதைவிடக் கூரிய அங்கதத்தை எந்த நாடகாசிரியனும் எழுதியிருக்க மாட்டான். ஸ்கொட்டுக்குப் பின் பலர் அந்த வேடத்தை அணிந்தனர். ஒரே காலத்தில் பல ஊர்களிலே பலர் றொனால்டாக உலாவினர். ஆயினும் உலகிலே ஒரேயொரு றொனால்டே உண்டு என்ற பாவனையை நிறுவனம் விடாது பேணியது. வேடத்தின் உள்ளே இருந்து வியர்த்தவரின் பெயர் வெளிவரக்கூடாது. அடுக்களைத் தொழிலாளி மறைக்கப்பட்டது போலவே, அவனை மறைக்க வந்த கோமாளியின் தொழிலாளியும் மறைக்கப்பட்டான்.

*

1971 ஆம் ஆண்டிலே இக்கோமாளிக்கு ஒரு நாடு கிடைத்தது. 'மக்டொனால்ட்லாந்து' என்பது அதன் பெயர். பிள்ளைகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கிடையே ஒளிபரப்பான இவ்விளம்பரங்களை ஒரு கற்பனை இலக்கியமாகவே கொண்டு நோக்குவோம். அந்நாட்டிலே ஹம்பேர்கர்கள் தோட்டத்துச் செடிகளில் முளைக்கின்றன. அப்பிள் பணியாரங்கள் மரங்களிற் காய்க்கின்றன. மீன் அப்பங்களுக்கு ஓர் ஏரி உண்டு.

பசுவும் வெட்டப்படவில்லை, கோதுமையும் அறுக்கப்படவில்லை, அடுப்பும் மூட்டப்படவில்லை. பண்டங்கள் மனித உழைப்பிலிருந்து பிறந்தவை என்ற உண்மை மறைந்து, அவை தாமாகவே தோன்றி, தமக்குள்ளேயே உறவு பூண்டு உலவுவன போலத் தோற்றமளிக்கும் மயக்கத்தை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் அத்தியாயத்திலேயே ஆராய்ந்தார். 1867 ஆம் ஆண்டில் அவர் நுண்பொருளாகக் கூறியதை, ஒரு நூற்றாண்டு கழித்து, விளம்பரக்காரர் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி வண்ணச் சித்திரமாக்கிக் காட்டினர் என்றால் மிகையாகாது.

இந்நாட்டின் சமுதாய அமைப்பு இன்னுஞ் சுவையானது. ஹம்பேர்கர்த் தலையோடு ஒரு நகரத் தலைவர் உண்டு. மேயர் மக்சீஸ் என்பது பெயர். பொலிஸ்காரர் ஒருவர் உண்டு. ஒபிசர் பிக் மக். இவர்களுக்கு எதிரே நிற்போர் யாவர்? ஹம்பேர்கர்களைக் களவாடும் ஹம்பேர்க்ளர். மீன் அப்பங்களைக் கவரும் கடற்கொள்ளையன் கப்டன் குறூக். ஆரம்பத்திலே நான்கு கைகளோடு மில்க் ஷேக்குகளைத் திருடிய கிறிமஸ். ஆள்வோர் உளர், காவலர் உளர், கள்வர் உளர். சமைப்போர் இலர், உழுவோர் இலர், கழுவித் துடைப்போர் இலர்.

அந்நாட்டிலே பசி என்பது எவரிடம் உண்டு என்று ஆராய்ந்தால் விடை தெளிவாகும். பசித்திருப்போர் கள்வர் மட்டுமே. முன்னைக் கோமாளி எவ்விடத்திலே நின்றானோ, அவ்விடத்திலே இப்போது கறுப்பு முகமூடியும் கோடிட்ட சிறை உடையும் தரித்த திருடன் நிற்கிறான். ஆர்லெக்கினோவின் வயிறு குற்றவாளியின் வயிறாகிவிட்டது. ஆர்லெக்கினோவின் வேடமோ காவலரின் நண்பனுக்குச் சொந்தமாகிவிட்டது. மரங்களெல்லாம் உணவைக் காய்த்துச் சொரியும் நாட்டிலே திருட்டு எப்படிச் சாத்தியம், உணவு எவருக்குச் சொந்தம் என்ற கேள்வி பார்க்கும் பிள்ளைக்கு எழக்கூடும். அதற்கு அந்நாட்டிலே விடை இல்லை. தனியுடைமை அங்கு விளக்கப்படுவதில்லை. அது மரத்தைப் போல, ஏரியைப் போல, இயற்கையாகவே இருக்கிறது.

களவைக் கண்டித்த இந்நாடு தானே ஒரு களவின்மீது எழுந்தது என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சிட், மார்ட்டி என்ற க்றொஃப்ட் சகோதரரின் 'எச். ஆர். பஃப்ன்ஸ்டஃப்' என்ற சிறுவர் தொடரும் ஒரு மாய நாட்டைப் பற்றியது. அங்கும் மேயர் உண்டு, பேசும் மரங்கள் உண்டு. விளம்பர நிறுவனம் முதலில் அவர்களோடு பேச்சு நடத்தி, பின்னர் திட்டம் கைவிடப்பட்டது எனக் கூறிவிட்டு, அதன் சாயலிலே மக்டொனால்ட்லாந்தைப் படைத்தது. யூரர் 50,000 டொலர் நட்டஈடு விதித்தனர். 1977 ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் களவை உறுதிசெய்து, தொகையை மீளக் கணிக்கப் பணித்தது. முடிவில் அது பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. திருடனைத் துரத்தும் கதையை எழுதியவரே திருடிய கதை இது.

*

இவ்வளவும் பாத்திரத்தைப் படித்து நாம் பெறும் முடிவுகள். விளம்பரக்காரர் உண்மையிலே இவ்வாறு கருதினரா, இது விமர்சகனின் மிகைப்பட்ட கற்பனையா என்ற ஐயம் எழுவது இயல்பு. அவ்வையத்தைத் தீர்க்கும் சான்று இலண்டன் நீதிமன்றமொன்றிலே வெளிவந்தது.

1986 ஆம் ஆண்டிலே 'லண்டன் கிறீன்பீஸ்' என்னும் சிறு குழுவினர் மக்டொனால்ட்ஸைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் ஒன்றை வெளியிட்டனர். 1990 இல் நிறுவனம் ஐவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. மூவர் மன்னிப்புக் கோரி விலகினர். தோட்டத் தொழில் செய்த ஹெலன் ஸ்டீலும், முன்னாள் தபாற்காரரான டேவிட் மொரிஸும் மறுத்து நின்றனர். அவதூறு வழக்குக்குச் சட்ட உதவி கிடையாது. ஆகவே, பெரும் சட்டத்தரணிகளை எதிர்த்து அவ்விருவரும் பெரும்பாலும் தாமே வாதாடினர். 1994 முதல் 1996 வரை விசாரணை 300 நாட்களுக்கு மேல் நீடித்தது.

அவ்விசாரணையிலே நிறுவனத்தின் உள்ளக நடைமுறைக் கைந்நூல் வாசிக்கப்பட்டது. அதன் சாரம் இதுதான்: றொனால்ட் எங்கள் உணவை நேசிக்கிறான், பிள்ளைகள் றொனால்டை நேசிப்பதால் அவர்களும் எங்கள் உணவை நேசிக்கின்றனர், எந்த உணவகத்துக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பதிலே பிள்ளைகளுக்கு மிகப் பெரிய செல்வாக்கு உண்டு, ஆதலின் அந்த அன்பைத் தூண்டுவதற்கு இயன்ற அனைத்தையும் செய்யுங்கள்.

பிள்ளை வேண்டும் என்றால் பெற்றோர் மறுக்கலாமே, பொறுப்பு அவர்களுடையதல்லவா என்று வாதிப்போர் இவ்வாசகத்தைச் சிந்திக்க வேண்டும். பெற்றோரின் மறுப்பை எப்படிக் கடப்பது என்பதையே நிறுவனம் ஆராய்ந்து, அதற்குரிய கருவியாகப் பிள்ளையின் அன்பைத் தேர்ந்தெடுத்தது. கோமாளி ஓர் அலங்காரம் அல்லன். அவன் உற்பத்திக் கருவிகளுள் ஒன்று. சமையலறையிலே கையின் அசைவை அளந்த அதே கணக்கு, இங்கு மழலையின் அன்பை அளந்திருக்கிறது.

1997 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் திகதி நீதிபதி பெல் தீர்ப்பு வழங்கினார். பிரசுரத்தின் பல குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, 60,000 பவுண் நட்டஈடு விதித்தார். ஆயினும் நிறுவனம் தன் விளம்பரங்களாற் பிள்ளைகளைச் சுரண்டுகிறது என்பதையும், குறைந்த கூலி கொடுத்து பிரித்தானிய உணவகத் தொழிலிலே கூலி மட்டத்தைத் தாழ்த்த உதவுகிறது என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். 'சுரண்டல்' என்ற சொல்லை நமது பத்திரிகைகள் எழுதினால் பிரசாரம் என்பர். இங்கே அது ஆங்கில நீதிபதி ஒருவரின் தீர்ப்பிலே எழுதப்பட்டது. 1999 இல் நட்டஈடு 40,000 பவுணாகக் குறைந்தது. இருவரும் அதைச் செலுத்தவில்லை. சட்ட உதவி மறுக்கப்பட்டதால் அவர்களுக்கு நியாயமான விசாரணையும் பேச்சுச் சுதந்திரமும் கிடைக்கவில்லை என 2005 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலிக்குறைவும் பிள்ளைகளைச் சுரண்டுதலும் ஒரே தீர்ப்பிலே அடுத்தடுத்து இடம்பெற்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவை ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

*

கல்வியோடு தொடர்புடையோர் சிந்திக்க வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. வீதிப் பாதுகாப்பு, வாசிப்பு, உடற்பயிற்சி என்று நல்ல நல்ல தலைப்புகளிலே றொனால்ட் அமெரிக்கப் பாடசாலைகளுக்குள் நுழைந்தான். 2007 ஆம் ஆண்டில் புளோரிடாவின் செமினோல் மாவட்டத்திலே மாணவரின் தேர்ச்சி அறிக்கையை வைத்துக் கொடுக்கும் உறையிலேயே அவனது படம் அச்சிடப்பட்டது. நற்புள்ளி பெற்ற பிள்ளைக்கு ஓர் இலவசப் பொட்டல உணவு என்பது அதன் அறிவிப்பு. பெற்றோரின் எதிர்ப்பால் 2008 இன் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. ஆசிரியரின் மதிப்பீட்டை ஒரு கோமாளி சுமந்து வந்து, அதற்குரிய வெகுமதியையும் தானே வழங்கினால், கல்வியின் பயன் யாது என்ற கேள்விக்குப் பிள்ளையின் மனத்திலே எழும் விடை என்னவாயிருக்கும்?

நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் வைத்தியசாலைக்கு அண்மையிலே தங்குவதற்கான 'றொனால்ட் மக்டொனால்ட் இல்லம்' 1974 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலே தொடங்கியது. இன்று பல நாடுகளில் அத்தகைய இல்லங்கள் உள்ளன. அங்கு தலைசாய்க்க இடம் பெற்ற தாய் தந்தையரின் ஆறுதல் உண்மையானது; அதை ஏளனஞ் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அறத்துக்கு இடப்பட்ட பெயர் எது என்பதை நோக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரசபை, கொழுப்பும் உப்பும் மிகுந்த பிள்ளைகளுணவோடு விளையாட்டுப் பொருளை இலவசமாக வழங்குவதைத் தடுத்து விதி இயற்றியது. 2011 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனம் விளையாட்டுப் பொருளுக்குப் பத்துச் சதம் விலை வைத்து, அப்பத்துச் சதத்தை இல்லத்தின் நிதிக்கு அளிப்பதாக அறிவித்தது. சட்டத்தின் எழுத்துக் காப்பாற்றப்பட்டது, நோக்கம் தோற்கடிக்கப்பட்டது, தோற்கடித்த கை தருமத்தின் கையுறையை அணிந்திருந்தது.

*

2010 ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவிற் கோமாளிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. 2011 இல் மருத்துவரும் சுகாதாரத் துறையினருமாக 550 பேருக்கு மேற்பட்டோர் பகிரங்கக் கடிதம் எழுதினர். றொனால்ட் நன்மையின் தூதுவன், அவன் எங்கும் போகமாட்டான் என நிறுவனத் தலைவர் ஜிம் ஸ்கின்னர் பதிலிறுத்தார். 2014 இல் அவனுக்குப் புதிய உடை தைக்கப்பட்டது. 2016 இல், பயமுறுத்தும் கோமாளிகளைப் பற்றிய பீதி அமெரிக்காவிலே பரவியபோது, அவனது பொதுத் தோற்றங்கள் குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் அவன் விளம்பரங்களிலே அருகியே தோன்றுகிறான். அறுநூறு மருத்துவர் அளவிலானோர் செய்ய முடியாததை, சில முகமூடிக் குறும்பர் செய்து முடித்தனர் என்பது நகைப்புக்குரியதே.

மருத்துவரின் நோக்கம் நல்லது. எனினும் அவர்களுடைய விமர்சனம் பாதி வழியிலே நின்றுவிட்டது. பிள்ளையின் இடுப்பளவைக் கவனித்தவர்கள், அந்த உணவைப் பொதி செய்தவரின் கூலியைப் பற்றிப் பேசவில்லை. அதை வேறு சிலர் பேச வேண்டியிருந்தது. 2012 நவம்பரிலே நியூயோர்க் நகரத்துத் துரித உணவுத் தொழிலாளர் மணிக்கு 15 டொலர் கூலியும் சங்க உரிமையும் கோரி வேலையை விட்டு வெளியேறினர். 2017 செப்டெம்பரிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் க்ரேஃபோர்டிலும் மக்டொனால்ட்ஸ் தொழிலாளர் அந்நாட்டு வரலாற்றிலே முதன்முறையாக அந்நிறுவனத்துக்கெதிராக வேலைநிறுத்தஞ் செய்தனர். 2018 செப்டெம்பரிலே அமெரிக்காவின் பத்து நகரங்களில் அதே நிறுவனத்தின் பெண் தொழிலாளர், வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராக வீதியில் இறங்கினர். மக்டொனால்ட்லாந்தின் வரைபடத்திலே இடம்பெறாத மக்கள் இவர்கள். செடியிலே முளைத்ததாகக் காட்டப்பட்ட உணவைச் சமைத்த கைகள் இவர்களுடையவை.

கோமாளி விலகியதனால் அவன் செய்த வேலை நின்றுவிடவில்லை. 2023 ஆம் ஆண்டிலே பழைய திருடனான கிறிமஸுக்குப் பிறந்தநாள் கொண்டாடி, ஊதா நிற மில்க் ஷேக் விற்கப்பட்டது. பிள்ளைப் பருவத்திலே ஊட்டப்பட்ட அன்பு வளர்ந்தோரின் நினைவேக்கமாக மாறி, இரண்டாம் முறையும் காசாகிறது. ஒரு வேடத்தைக் களைவது சீர்திருத்தம். வேடம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைக் களைவது வேறு பணி. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நோக்கிய வணிக விளம்பரங்களை 1980 ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989 இல் அதைச் செல்லுபடியாக்கியது. பிள்ளையின் மனம் விற்பனைச் சந்தை அன்று என ஒரு சமுதாயம் சட்டமாகவே கூற முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் சட்டம் வாயை மூடலாம். கண்ணைத் திறப்பது கல்வியாலேயே இயலும்.

ஆகவே, வகுப்பறைக்கு ஒரு சிறு பணி உண்டு. பிள்ளைகள் கவிதையைப் படிக்கும் முறையிலேயே விளம்பரத்தையும் படிக்கப் பழக வேண்டும். யார் பேசுகிறான், யாருக்காகப் பேசுகிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான் என்ற கேள்விகள் இலக்கியத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சிரித்த முகத்தோடு ஒரு பாத்திரம் உணவை நீட்டும் படத்தைக் கண்டால், இதைச் சமைத்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி என்ன, அவர் இன்று உண்டாரா என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பானாயின், கோமாளி இழந்த உரிமையை அம்மாணவன் மீட்டுவிட்டான் என்று கொள்ளலாம். அரசனின் முகத்துக்கு நேரே உண்மை சொல்லும் உரிமை அது. விலைக்கு வாங்கப்பட்ட கோமாளியிடம் அது இல்லை. பசித்தவரின் பக்கம் நிற்கும் எவரிடமும் அது இன்னும் உண்டு.